பூஞ்சை பிடித்த திராட்சை ஒயின்: உங்களுக்கு மறக்காத ஒரு கிளாஸ்?

பிரான்சில் இந்த இனிப்பு ஒயினுக்குப் பெயர்போன சோட்டெர்ன் பக்கம் ஒரு ஒயின் சுவைப்பு. வரிசையில் கடைசி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வெந்தயம்! ஊறவைத்தது இல்லை, வெறும் வாணலியில் சிவக்க வறுத்தது. அப்படியே தாளில் எழுதினேன். நடத்தியவர் அதை அடித்துவிட்டு மேலே 'தேன்' என்று எழுதினார். தேனும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் வந்தது வெந்தயம். இன்னும் மனசு ஆறவில்லை.

பதில் 1
நீங்கள் எழுதியதுதான் சரி. வெந்தயத்துக்கு வாசனை தரும் சோட்டலோன் என்ற பொருள் இந்த ஒயின்களிலும் இருக்கிறது. எனக்கு மறக்காதது ஹங்கேரியின் தொக்காய் ஒயின். சுவரெல்லாம் கரும்பூஞ்சை படர்ந்த நிலவறை. தொக்காயிலேயே மிக இனிப்பான எஸென்சியாவை ஸ்பூனில்தான் தந்தார்கள். லிட்டருக்கு 450 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்பூனைச் சாய்த்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. திகட்டப்போகிறது என்று நினைக்கும்போதே ஒரு புளிப்பு எழுந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போனது. அந்தப் புளிப்பை அப்புறம் வேறெதிலும் பார்க்கவில்லை.

பதில் 2
வெந்தய வாசனை வந்தாலே பொட்ரைட்டிஸ், அதாவது திராட்சையில் பிடிக்கும் அந்தப் பூஞ்சை, என்று முடிவு கட்டக் கூடாது. பிரான்சின் ஜூரா பகுதியின் வின் ஜோன் என்ற மஞ்சள் ஒயினிலும் சோட்டலோன் உண்டு, அதில் இந்தப் பூஞ்சைக்கு வேலையே இல்லை. என்னை உறுத்துவது வேறு. ஒரு சுவைப்பில் இளம் சோட்டெர்னில் தீக்குச்சி வாடை அடிக்கிறது, கெட்டுவிட்டது என்று ஒருவர் மொத்தத்தையும் கொட்டினார். அது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம். பூஞ்சை உண்டாக்கும் பொருள்கள் கந்தகத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இந்த ஒயினுக்கு அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ரொம்பக் குளிரவைத்தால் வாசனை அடங்கிவிடும், 10 முதல் 12 டிகிரி போதும். லேசான நகப்பூச்சு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது பழத்தை மூடினால்தான் குறை. ஈரமண், காளான் வாடை வந்தால் அழுகல் தப்பான வழியில் போயிருக்கிறது. விழுங்கியபின் பொறுங்கள். இனிப்பு மட்டும் வாயில் தங்கினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

பதில் 3
12 டிகிரி இளம் ஒயினுக்கு அதிகம், 8 போதும். அது கிடக்கட்டும். மகள் பிறந்த வருஷம் என்று போர்தோவில் ஒரு கடையில் சோட்டெர்னின் புகழ்பெற்ற ஒயினான ஷாத்தோ திக்கெம், 2012 அறுவடை, கேட்டேன். "அந்த வருஷம் அவர்கள் வெளியிடவே இல்லை" என்றார் கடைக்காரர். அறுவடையில் மழை கெடுத்துவிட்டதாம். அவ்வளவு பெரிய பெயர், ஒரு வருஷம் முழுவதையும் வேண்டாம் என்று விட்டிருக்கிறது! பதிலுக்கு 2011 வாங்கினேன். இப்போதே திறக்கலாமா, இன்னும் பத்து வருஷம் வைக்கலாமா? குடித்தவர்கள் சொல்லுங்கள்.