பொங்கல் வாழ்த்துப் படம் செய்யும் குட்டி வெப் ஆப்: ஃபான்ட், ஷேர் சிக்கல்

தறிநாடா:
ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கான வேலை. வாடிக்கையாளர் பேரை அடித்து, குடும்பப் போட்டோவைச் சேர்த்தால் பொங்கல் வாழ்த்துப் படம் வரும், அடியில் கடை லோகோ. வாட்ஸ்அப்பில் அவரே சொந்தக்காரங்களுக்கு அனுப்பிக்கொள்வார். பிரவுசருக்குள்ளேயே படம் வரையும் கேன்வாஸில் செய்துவிட்டேன். ஆனால் முதல் தடவை திறக்கும்போது தமிழ் எழுத்து நான் வைத்த முக்தா மலர் ஃபான்டில் வராமல் போனில் இருக்கும் சாதா எழுத்தில் வருகிறது. ஐபோனில் ஷேர் பட்டன் சில சமயம் சும்மா கிடக்கிறது. ஓனரோ பிளே ஸ்டோரில் போடு, வாடிக்கையாளரிடம் போன் நம்பரும் கேட்டு வாங்கு என்கிறார். ஆப்பைத் திறக்கும் கியூஆரை பில்லிலேயே அடிக்க வேண்டுமாம்.

கேன்வாஸ்காரன்:
ஃபான்ட் இறங்கும்வரை கேன்வாஸ் காத்திருக்காது. வரைவதற்கு முன், ஃபான்டை இறக்கச் சொல்லும் டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட் கட்டளையைக் கூப்பிட வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸ் தமிழுக்கும் லத்தீனுக்கும் தனித்தனி கோப்பு தருகிறது. லோட் அடைப்புக்குறிக்குள் ஃபான்ட் பேருக்கு அடுத்த இரண்டாவது இடத்தில் எதுவும் கொடுக்காவிட்டால் அது வெறும் இடைவெளி எழுத்தை வைத்துத்தான் தேடும். லத்தீன் கோப்பு மட்டும் இறங்கி 'முடிந்தது' என்று சொல்லிவிடும். அங்கே 'பொங்கல்' என்று தமிழில் ஒரு சொல் கொடுங்கள்.

ஷேர் விஷயம்: பட்டனை அமுக்கிய பிறகு படத்தைத் தயாரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விரல் பட்டதற்கும் ஷேர் கூப்பிடுவதற்கும் நடுவில் நேரமானால் சஃபாரி அனுமதி மறுத்துவிடும். பேர் அடித்து முடித்ததுமே 1080க்கு 1080 ஜேபெக் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்டனில் ஷேர் மட்டும் இருக்கட்டும். பின்னணிப் படம் வேறு டொமைனில் இருந்து, அந்த சர்வர் கார்ஸ் அனுமதி (வேறு தளம் தன் கோப்பை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) தராவிட்டால் கேன்வாஸிலிருந்து படத்தை எடுக்கவே விடாது. அதே டொமைனில் வையுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறப்பவர்களுக்கு டவுன்லோட் பட்டனை நம்ப முடியாது. படத்தைத் திரையில் காட்டி, அழுத்திப் பிடித்துச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ரசீதுச்சுருள்:
பிளே ஸ்டோர் வேண்டாம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால் 12 பேரை வைத்து 14 நாள் விடாமல் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். அதற்குள் கரும்பே காய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும் படத்துக்கு யார் ஆப் இறக்குவார்கள்?

கியூஆர்: பில் பிரின்டர் பெரும்பாலும் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. இணைய முகவரியை 42 எழுத்துக்குள் அடக்கினால் எம் அளவு பிழைதிருத்தத்தில் (கியூஆர் கொஞ்சம் அழிந்தாலும் படிக்க உதவும் வசதி) ஒரு பக்கத்துக்கு 29 கட்டத்தோடு முடியும். சுற்றிலும் 4 கட்டம் வெள்ளை விட்டால் 37. கட்டத்துக்கு 5 புள்ளி, மொத்தம் 185, சுமார் 23 மில்லிமீட்டர். 58 மில்லிமீட்டர் சுருளிலும் தாராளமாக நிற்கும். படமாகக் கொடுத்து 'பொருத்தி அடி' என்று விட்டால் ஒரு கட்டம் 5 புள்ளி, அடுத்தது 6 என்று கோணலாகி ஸ்கேன் ஆகாது. நடுவில் லோகோ வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

போய்ச் சேரும் பக்கத்தைப் பிறகு மாற்றிக்கொள்ள விடும் இலவச 'மாற்றக்கூடிய கியூஆர்' தளங்களும் வேண்டாம், அந்தத் தளத்தை மூடிவிட்டால் உங்கள் பில்லும் செத்தது. கடை டொமைனிலேயே ஒரு சின்ன முகவரி வைத்து 302ல் (தற்காலிகத் திருப்பல்) ஆப் பக்கத்துக்குத் திருப்புங்கள். 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு வேறு பக்கம் மாற்றினாலும் பழையதற்கே போவார்கள்.

தறிநாடா:
'பொங்கல்' கொடுத்ததும் எழுத்து சரியாகிவிட்டது, நன்றி. நம்பர் விஷயத்தில்தான் ஓனர் அசையவில்லை.

கேன்வாஸ்காரன்:
ஓடிபி கேட்ட இடத்திலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள் என்று சொல்லுங்கள். குடும்பப் போட்டோ வேறு. சர்வருக்கு ஏற்றாமல் போனுக்குள்ளேயே முடியுங்கள், 'உங்கள் போட்டோ எங்களுக்கு வராது' என்று பட்டனுக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். நம்பர் வேண்டியே ஆக வேண்டும் என்றால், படம் கைக்கு வந்த பிறகு 'ஆடித் தள்ளுபடி சொல்லட்டுமா?' என்று தனியாகக் கேளுங்கள். டிக் அவர்களே போடட்டும்.

லோகோ பட்டை உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாடிக்கையாளர் பேர்தான் பெரிசாக இருக்க வேண்டும், அப்போதுதான் அனுப்புவார். ஆப்பின் இணைய முகவரியைப் படத்துக்குள்ளேயே 36 பிக்சலுக்குக் குறையாமல் எழுதுங்கள். ஃபார்வர்ட் ஆகும்போது படத்துக்குக் கீழே தனியாக அடித்த வாசகம் கூடவே போகும் என்று நம்ப முடியாது.