“அனைவரும் வருக” என்று போட்டிருந்தால் உண்மையிலேயே அனைவரும் போகலாமா?

அரைக்கதவு (கேள்வி)

பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். எனக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வேலை கணக்கு எழுதுவது, நானே படித்து முடித்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஆனால் பேருந்து நிறுத்தம், நூலக வாசல், எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு சொற்பொழிவுக்கு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கீழே மறக்காமல் “அனைவரும் வருக, அனுமதி இலவசம்”. அந்த “அனைவரும்” யார் யார் என்பதுதான் என் சந்தேகம்.

போன மாதம் துணிந்து ஒன்றுக்குக் கிளம்பினேன். நதிகள் ஏன் தடம் மாறுகின்றன என்று தலைப்பு, நமக்கும் புரியும் போலத்தான் இருந்தது. இடம் என்று “பி2-014” மட்டும் போட்டிருந்தார்கள். பி கட்டடத்தில் இரண்டாவது மாடி என்று நினைத்து மாடியேறித் தேடினேன், அங்கே அறை எண்கள் 200இலிருந்து ஆரம்பிக்கின்றன. அப்புறம் ஒரு காவலாளியைப் பிடித்துக் கேட்டால், பி2 என்பதே தனிக் கட்டடமாம், 0 என்றால் தரைத்தளமாம், வாசல் பின்பக்கமாம். இப்படியே இருபது நிமிடம் போய்விட்டது. கதவைத் திறந்தால் பெரிய அரங்கம் எதுவும் இல்லை, ஒரு நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காராமல் திரும்பிப் போவது இன்னும் அசிங்கமாக இருக்குமே என்று ஓரமாக உட்கார்ந்தேன். திரையில் பள்ளியோடு நான் கைகழுவிய வகைக்கெழுக்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர், நல்லவிதமாகத்தான், “நீங்க எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். “சும்மா வந்தேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இனிப் போகலாமா, வேண்டாமா? எது நமக்கானது, எது அவர்களுக்குள் பேசிக்கொள்வது என்று போஸ்டரைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

போஸ்டர் ஒட்டுபவள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் (உங்கள் ஊர் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் எல்லா ஊரிலும் இதே கதைதான்), போஸ்டரில் “பி2-014” மாதிரி எழுதி அச்சுக்கு அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு அது தினமும் போய் வருகிற அறை, அதனால் வெளியாளுக்கு அது பூட்டு எண் மாதிரி இருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

நீங்கள் போனது துறை செமினார். அதற்கும் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், ஆனால் அது ஆய்வாளர்கள் தங்களுக்குள் வேலையைச் சரிபார்த்துக்கொள்கிற இடம். “அனைவரும் வருக” என்பது பல துறைகளில் போஸ்டர் வார்ப்புருவிலேயே இருக்கிற வரி, யாரும் எடுப்பதில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: முதலில் நேரத்தைப் பாருங்கள். வேலை நாளில் நண்பகல், பிற்பகல் மூன்று மணி என்றிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுக்கானது, மாலை ஐந்தரைக்கு மேல் என்றால் உங்களை நினைத்து வைத்தது. அடுத்தது இடம். அறை எண் மட்டும் இருந்தால் யோசியுங்கள், அரங்கத்துக்குப் பெயர் இருந்தால் தைரியமாகப் போங்கள். போஸ்டரில் உள்ள உரைச் சுருக்கத்தின் முதல் இரண்டு வரியையும் படித்துப் பாருங்கள், அதிலேயே விளக்காத சுருக்கெழுத்துகள் இரண்டு மூன்று வந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், முதலில் போகவேண்டியது புதிதாகப் பேராசிரியர் ஆனவர் ஆற்றும் தொடக்க உரைக்கு. பல நாடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்கக் காரணம் ஒன்றே ஒன்று, முன்வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார். அல்லது மாமனார், பள்ளித் தோழர்கள், பிள்ளைகள். முப்பது வருடமாக இவர் அப்படி என்னதான் செய்கிறார் என்று தெரியாத குடும்பத்துக்கு முன்னால் நின்று பேசும்போது மனுஷன் தன்னால் ஒழுங்காகப் பேசுவார்.

அப்புறம் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். பணம் வைத்துவிட்டுப் போனவர் உயிலிலேயே நிபந்தனை எழுதியிருப்பார். ஸ்காட்லாந்தில் நான்கு பழைய பல்கலைக்கழகங்களில் 1888இலிருந்து நடந்துவரும் கிஃபோர்டு சொற்பொழிவுகள் அப்படித்தான். பணம் வைத்த கிஃபோர்டு என்ற நீதிபதி, உரைகள் மாணவர்களுக்கு மட்டும் இல்லாமல் ஊர் மக்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆக அந்த மாதிரிக் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளிகூட இல்லை. பணம் வைக்கப்பட்டதே உங்களுக்காக.

கடைசிவரிசை

மேலே சொன்னதெல்லாம் சரி. பதினோரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அரைக்கதவு சார், உங்களை உறுத்துவது வகைக்கெழு இல்லை, “எந்த டிபார்ட்மென்ட்” என்ற கேள்விதான், சரிதானே? அதை விசாரணை மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த உலகத்தில் “சாப்பிட்டாச்சா” மாதிரி பேச்சைத் துவக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். “துறையெல்லாம் இல்லைங்க, இந்த ஊர்க்காரன்” என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிடும், வெளியிலிருந்து ஒருத்தராவது வந்தாரே என்று. மீதிப் பேர் அவரவர் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

புரியாமல் போவதைப் பற்றி. அரங்கத்தில் எல்லாருக்கும் எல்லாம் புரிகிறது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. ஒரு மூளை நரம்பியல் உரையில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஓர் இயற்பியல் பேராசிரியர். குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டார், தலைப்பு எழுதினார், அடிக்கோடு போட்டார், ஒரு மணி நேரம் கழித்தும் அவ்வளவுதான் இருந்தது. 1943இல் டப்ளினில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் உயிர் என்பது என்ன என்று பொதுமக்களுக்கு மூன்று உரை நிகழ்த்தினார். இது கடினமான விஷயம், எளிய உரை என்று சொல்ல முடியாது என்று முதலிலேயே எச்சரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். வந்தது சுமார் நானூறு பேர், கூட்டம் பெரிதாகக் குறையவும் இல்லை. அந்த நானூறு பேரும் குவாண்டம் இயற்பியல் படித்தவர்களா என்ன?

சில நடைமுறை விஷயங்கள். நடைபாதை ஓரத்து நாற்காலியாகப் பாருங்கள், எழுந்து போக வசதி. நேரம் போட்டு பக்கத்தில் “சி.டி.” மாதிரி இரண்டு எழுத்து இருந்தால் ஜெர்மனி, ஸ்காண்டிநேவியப் பக்கமெல்லாம் பதினைந்து நிமிடம் கழித்து ஆரம்பம் என்று அர்த்தம், அது தெரியாமல் வெறும் அரங்கத்தில் உட்கார்ந்து கூட்டமே ரத்து என்று கிளம்பிப் போனவன் நான். சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்டத்து வாய்மொழித் தேர்வே பொதுக் கூட்டம்தான், யாரும் போய் உட்காரலாம், கடைசியில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். அதையெல்லாம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், நேரடி நாடகம்.

ஒன்றரைவேகம்

எதற்கு இவ்வளவு சிரமம்? எல்லா உரையும் இரண்டு வாரத்தில் யூடியூபில் வந்துவிடுகிறது. வீட்டில் படுத்துக்கொண்டு ஒன்றரை வேகத்தில் பார்க்கலாம், தலைமையுரையைத் தள்ளிவிடலாம், போர் அடித்தால் மூடிவிடலாம். அறையைத் தேடி அலையவும் வேண்டாம், எந்தத் துறை என்று எவரும் கேட்கவும் மாட்டார்கள்.

நூலகத்துப் பின்னறை

ஒன்றரைவேகம், தலைமையுரை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். பேச்சாளரை அறிமுகப்படுத்துகிறேன் என்று அவர் வாங்கிய பட்டம் பரிசு எல்லாம் பன்னிரண்டு நிமிடம் வாசித்த ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பேச்சாளரே கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் வெள்ளிக்கிழமை உரைகளில் அறிமுகமே கிடையாது. மணி அடிக்கும், பேச்சாளர் உள்ளே வந்து வணக்கம்கூட இல்லாமல் நேராக விஷயத்துக்குப் போவார், சரியாக ஒரு மணி நேரத்தில் முடிப்பார். அந்த மரபை மட்டும் ஊருக்கு ஊர் இறக்குமதி செய்தால் தேவலை.

ஆனால் பதிவு போதும் என்பதை ஏற்க மாட்டேன். நானும் இன்னும் இருவருமாக நூலகத்துப் பின்னறையில் மாதம் ஒரு உரை நடத்துகிறோம், பல்கலைக்கழகத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு. பதிவில் வராதது எது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், அது உரைக்குப் பிறகு நடப்பது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1860களின் கடைசியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ்காரர் இங்கிலாந்தின் வட பகுதியில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ராச்டேல் என்ற ஆலை ஊரில், கூட்டுறவுச் சங்கத்துத் தொழிலாளர்கள்தான் கூட்டம். ஒருநாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், சுவரில் மாட்டிய வரைபடங்களைக் கழற்றாமல், அடுத்த வாரம் வரை அப்படியே இருக்கட்டும் என்று அரங்கக் காவலரிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தால் காவலர், நீங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்கிறார். நடுவில் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று விவாதித்து, அவரிடம் கேட்பதற்குக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம். உரையோடு சேர்த்துக் கேள்வி வகுப்பு என்று ஒன்று அவர் வைத்ததற்கு அதுதான் ஆரம்பம். 1873இல் கேம்பிரிட்ஜே அதிகாரபூர்வமாக வெளியூர் உரைகளைத் தொடங்கியபோது இந்த ஏற்பாடும் கூடவே போனது.

எங்கள் பின்னறையிலும் இதையேதான் பார்க்கிறேன். முதல் வருடம் நாற்காலிகளைப் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாகப் போட்டோம், உரை முடிந்து “கேள்விகள்?” என்றால் அமைதி. பிறகு “இது கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடம் பேசும் அந்த ஒருவர் (எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார், எங்கள் ஊரில் இரண்டு பேர்). இப்போது 1998இல் லீட்ஸில் ஆரம்பித்த கஃபே சயன்டிஃபிக் முறைக்கு மாறிவிட்டோம். பேச்சாளருக்கு இருபது நிமிடம், ஸ்லைடு கிடையாது, அப்புறம் ஒரு இடைவேளை, அதன் பிறகு மீதி நேரம் முழுக்கப் பேச்சுதான். அந்த இடைவேளைதான் சூட்சுமம். மைக்கில் கேட்கக் கூச்சப்படுகிறவர் பக்கத்து ஆளிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வார், எனக்கும் அது புரியவில்லை என்று அவர் சொன்னதும் தைரியம் வந்துவிடும். ஸ்லைடு இல்லை என்றதும் சில பேராசிரியர்கள் பதறுவதையும் பார்க்கவேண்டுமே, கையில் ஒன்றும் இல்லாமல் நடுத்தெருவில் விட்ட மாதிரி.

வருத்தமும் உண்டு. பேசிவிட்டு உடனே காரில் ஏறிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

ஒன்றரைவேகம்

ராச்டேல் கதை நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஏழு நிமிடக் கருத்துக்காரர் இருக்கும் வரைக்கும் நான் வீட்டில்தான்.

அரைக்கதவு

திரி ஆரம்பித்தவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. போஸ்டர் ஒட்டுபவள் சொன்னபடி மாலை ஆறு மணி, பெயருள்ள அரங்கம், புதுப் பேராசிரியரின் தொடக்க உரை என்று தேடிப் பிடித்து நேற்றுப் போனேன். விஷயம் மணல். ஒரு மணி நேரம் மணலைப் பற்றி என்ன பேசுவார் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன், நடைபாதை ஓரத்தில்.

முன்வரிசையில் அம்மா நிஜமாகவே இருந்தார்! மகள் மேடையேறியதிலிருந்து கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பேராசிரியர் மூன்று கண்ணாடிக் குப்பிகளை வரிசையில் சுற்றவிட்டார், ஆறு, கடல், பாலைவனம். என் கைக்கு வந்தபோது பாலைவன மணல் மாவு மாதிரி குப்பிக்குள் வழுக்கியது. காற்று உருட்டி உருட்டித் துகளின் முனைகள் தேய்ந்துவிடுவதால் கான்கிரீட்டில் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காதாம், அதனால் பாலைவனத்தை வைத்துக்கொண்டிருக்கிற நாடும் கட்டடத்துக்கு மணலை வெளியிலிருந்து வாங்குகிறது என்றார். அப்போது கடல் மணலுக்கு என்ன குறை என்று எனக்குள் ஒரு கேள்வி. கையைத் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பள்ளிச் சிறுமி அதையே கேட்டுவிட்டாள். உப்பு கம்பியை அரித்துவிடும், நன்றாகக் கழுவினால்தான் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. எனக்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாளே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெளியே வரும்போது ஒருவர் கேட்டார், எந்த டிபார்ட்மென்ட் என்று. இந்த ஊர்க்காரன் என்றேன். அவரும் அப்படித்தானாம், தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அடுத்தது இரண்டு வாரத்தில் வருகிறது, வௌவால்களைப் பற்றி. இடம் மறுபடியும் பி2தான். பரவாயில்லை, இப்போது வாசல் பின்பக்கம் என்று தெரியும். தபால்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.