முதல் கப்பல்: கீல் வளைந்துவிட்டது, அணியத்தில் பலகை தூக்கி நிற்கிறது

முதல்கப்பல்:
வணக்கம் நண்பர்களே. நான் கட்டும் முதல் மாதிரிக் கப்பல் இது: இரண்டு பாய்மரம் உள்ள ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல், 1:64 அளவு, பல்க்ஹெட் (கப்பலின் குறுக்குச் சட்டங்கள்) மேல் இரண்டு அடுக்காகப் பலகை ஒட்டுகிற கிட். விடுமுறையில் கை ஓடுகிறதே என்று இடது பக்கம் மட்டும் வரிசையாகப் பதினொரு பலகை ஒட்டிவிட்டேன். இன்று மேலிருந்து பார்த்தால் கீல் (நடுவே நீளமாக ஓடும் அடிமரம்) அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பலகைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, இத்தனைக்கும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் ஒட்டினேன். பிரிக்கவா, இல்லை பட்டி வைத்துத் தேய்த்து மறைத்துவிடலாமா? படம் போட வெட்கமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

மரத்தூள்:
படம் போட்டதற்கு முதலில் நன்றி. முடிந்த கப்பலை எல்லோரும் போடுகிறார்கள், கோணிப்போனதை யாரும் போடுவதில்லை, நமக்கு உதவுவது இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகைகளின் இழுப்பு கீலை அந்தப் பக்கம் வளைத்துவிடும். இடது பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலது பக்கம், கடைசிவரை அப்படித்தான். இப்போது வலது பக்கம் ஒட்டி இழுத்து நேராக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நான் அப்படிச் செய்து எஸ் வடிவத்தில் ஒரு கப்பல் வைத்திருக்கிறேன். பிரித்துவிடுங்கள். வெள்ளைப் பசை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும், சூப்பர் குளூ என்றால் அசிட்டோன். அப்புறம் கீலை ஒரு சமமான பலகையோடு கிளாம்ப் போட்டு, பல்க்ஹெட்டுகளுக்கு நடுவே மரத்துண்டுகளை இறுக்கமாக ஒட்டிவிட்டால் மறுபடி வளையாது.

நூல்கண்டு:
கீல் பற்றி மேலே சொன்னது சரி. ஓடு வேய்ந்த சிக்கலுக்குக் காரணம் வேறு, பலகையை நீங்கள் அணியத்தை நோக்கிச் சீவவே இல்லை என்று படத்திலேயே தெரிகிறது. கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முன்னால் குறைவு. அதே எண்ணிக்கைப் பலகை இரண்டு இடத்திலும் அடங்க வேண்டுமென்றால் முன்னால் அகலம் குறைந்துதானே ஆக வேண்டும்? ஒரு காகிதக் கீற்றை நடு பல்க்ஹெட்டில் மேல்தளத்திலிருந்து கீல் வரை வைத்து அளந்துகொள்ளுங்கள். 90 மிமீ என்று வைத்துக்கொள்வோம், 5 மிமீ பலகை என்றால் 18 வரும். முன் பல்க்ஹெட்டில் அதே அளவு 54 மிமீ இருந்தால் அங்கே ஒவ்வொன்றும் 3 மிமீ. பாதி அகலத்துக்குக் கீழே போக வேண்டிய நிலை வந்தால் சீவாதீர்கள், இரண்டு பலகையை அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். பின்புறத்தில் தலைகீழ், இடம் விரியும், அங்கே ஆப்பு மாதிரி ஒரு துண்டு சொருகுவார்கள்.

பல்க்ஹெட் விளிம்புகளையும் சரித்துத் தேய்த்தீர்களா? பலகை விளிம்பின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பசை எங்கே பிடிக்கும்.

ஆமை:
ராத்திரி முழுக்க ஊறல் எதற்கு? மரத்தை வளைய வைப்பது சூடு, தண்ணீர் அதற்குத் துணைதான். ஊறிய பலகை உப்பி அகலமாகிவிடும், அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடுக்கு விழும். நான் நனைப்பதே இல்லை, சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே வளைத்துவிடுகிறேன்.

மரத்தூள்:
ஆமை சொல்வது அனுபவசாலிக்குச் சரி, முதல் கப்பல்காரர் பலகையைக் கருக்கிவிடுவார். அரை மணி நேரம் ஊறவைத்து, வளைத்து, கப்பலிலேயே கிளிப் போட்டு ஹேர் டிரையரில் காய வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பசை.

ஆமை:
கருக்கினால்தான் கற்றுக்கொள்வார். 🙂 சரி, முதல் அடுக்குதானே, மேலே இன்னொன்று வரும். சின்ன இடுக்குக்குப் பட்டி போதும். கோணிய கீலுக்குத்தான் பட்டி கிடையாது.

முதல்கப்பல்:
பதினொன்றில் ஒன்பது முழுசாக வந்துவிட்டது, இரண்டு உடைந்தது. கீலைக் கட்டி வைத்திருக்கிறேன். முன்னால் அளந்தேன், ஒவ்வொன்றுக்கும் 2.8 மிமீதான் வருகிறது, பலகை 5 மிமீ. நூல்கண்டு, இது சீவினால் போதும்தானே, சேர்க்க வேண்டாமே?

நூல்கண்டு:
பாதி 2.5, நீங்கள் அதற்கு மேலே இருக்கிறீர்கள். சீவுங்கள். முதல் ஜோடியை ஒட்டியதும் மேலிருந்து ஒரு படம்.