டெம்ப்ளேட் லைப்ரரிகளில் உள்ளடுக்குத் தரவு, விருப்ப வசதிகள்: நீங்கள் சந்தித்தவற்றைச் சொல்லுங்கள்

அச்சுப்பணி:
ஒரு பள்ளிக்கு மதிப்பெண் அட்டை அச்சிடும் நிரலைப் பராமரிக்கிறேன். தரவை இட்டு நிரப்பும் வார்ப்புருவான டெம்ப்ளேட், மஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் மொழியில் இருக்கிறது. மாணவர், அவருக்குள் பாடங்களின் பட்டியல், அவ்வளவுதான் தரவு. மாணவருக்கு 'குறிப்பு' என்று ஒரு ஃபீல்டு உண்டு. பாடத்துக்கும் அதே பெயரில் உண்டு, ஆனால் ஆசிரியர் எழுதினால்தான் வரும். ஒரு பருவத்தில் "வருகை குறைவு, பெற்றோர் நேரில் வரவும்" என்ற வகுப்பாசிரியரின் வரி, ஒரு மாணவிக்குத் தமிழ், கணக்கு, அறிவியல் என்று எல்லாப் பாடங்களின் கீழும் அச்சாகிப் போய்விட்டது. அப்பா பதறிப்போய் வந்து நின்றார்.

மஸ்டாஷ் தன் விதிப்படிதான் நடந்தது. உள் அடுக்கில் பெயர் கிடைக்காவிட்டால் வெளி அடுக்கில் தேடும், அங்கும் இல்லையென்றால் இன்னும் மேலே. பள்ளியின் பெயரை எந்த ஆழத்திலிருந்தும் எடுக்க அது ரொம்ப வசதி. இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும் என்கிற ஃபீல்டோடு சேரும்போதுதான் ஆபத்து. புள்ளி வைத்த பெயரில் இந்தச் சிக்கல் குறைவு: முதல் பகுதி மட்டுமே மேலே ஏறித் தேடப்படும், மீதியை அதற்குள்ளேயே பார்க்கும், இல்லையென்றால் வெற்றிடம்.

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 'குறிப்பு' கட்டாயம் போகிறது, எழுதப்படாவிட்டால் வெற்றுச் சரமாக. பெயர் கிடைத்துவிடுவதால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

முன்பக்கம்:
மஸ்டாஷைப் போன்ற இன்னொரு டெம்ப்ளேட் மொழியான ஹேண்டில்பார்ஸில் இயல்பாக இந்த ஏற்றம் கிடையாது. மேலே போக ../ என்று நீங்களே எழுத வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும், டெம்ப்ளேட்டைப் படித்தாலே எந்த அடுக்கு என்று தெரியும். ஆனால் 2015-இல் வந்த 4.0 பதிப்புக்கு மாறியபோது நாங்கள் திண்டாடினோம். முன்பு 'இஃப்' என்ற நிபந்தனை கூட ஒரு அடுக்காகக் கணக்கில் வரும், அதனால் பட்டியலுக்குள் இஃப் போட்டால் ../../ தேவைப்பட்டது. 4.0-இல் தரவை மாற்றாத இஃப் அடுக்காக எண்ணப்படாது. பழைய ../../ எல்லாம் ஒரு படி அதிகமாக ஏறி, காலியாக அச்சடித்தன. ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை.

சிநிரலர்:
சி மொழியில் சின்னதாக ஒரு டெம்ப்ளேட் லைப்ரரி எழுதி வைத்திருக்கிறேன். தரவு எந்த ஜேசன் (தரவை எழுதும் ஒரு உரை வடிவம்) லைப்ரரியில் இருந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதால், உள்ளே நுழை, அடுத்தது, வெளியேறு, பெயரைத் தேடு என்ற ஃபங்ஷன்களைப் பயன்படுத்துபவரே தர வேண்டும். அடுக்குகளின் ஸ்டாக்கை, அதாவது எதற்குள் எது என்ற வரிசையை, யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் ரொம்ப யோசித்தேன். அவர்களிடம் விட்டால் ஒவ்வொருவரும் ஒரு விதமாக மேலே ஏறுவார்கள். ஆகவே ஸ்டாக் என் லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பொருளில் இந்தப் பெயர் உண்டா?

பதில் மூன்று வகை: மதிப்போடு இருக்கிறது, காலியாக இருக்கிறது, இல்லவே இல்லை. வெறும் பாயிண்டரை (நினைவக முகவரியை) மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் பின்னிரண்டும் ஒன்றாகிவிடும். அச்சுப்பணி சொன்ன மாதிரி அட்டைகள் அப்படித்தான் பிறக்கின்றன.

அப்புறம் விருப்ப வசதிகள். மஸ்டாஷ் வரையறையிலேயே லாம்டா (தரவுக்குள் ஃபங்ஷன் வைப்பது), டெம்ப்ளேட் மரபுரிமை (ஒரு டெம்ப்ளேட்டின் மேல் இன்னொன்றைக் கட்டுவது) போன்றவை ~ குறியோடு தனிக் கோப்புகளில், கட்டாயமில்லாதவையாக இருக்கின்றன. ஆகவே ஒரு லைப்ரரியில் ஓடும் டெம்ப்ளேட் இன்னொன்றில் ஓடும் என்று நம்ப முடியாது. என்னுடையதில் எல்லா விருப்ப வசதிகளும் இயல்பாக அணைந்திருக்கும். வேண்டியதை ஃபிளாக் மூலம் முதலிலேயே கேட்க வேண்டும். ஆதரவு இல்லையென்றால் டெம்ப்ளேட்டைப் படிக்கும்போதே வரி எண்ணோடு பிழை வரும். கிராஃபிக்ஸுக்கான வல்கன் ஏபிஐயிலும் இப்படித்தான்: கிராஃபிக்ஸ் கார்டு என்னென்ன தரும் என்று விசாரித்து, வேண்டியதை நிரலில் அதற்கான சாதனத்தை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நாளை புதிய ஃபங்ஷன் சேர்ந்தால் பழைய நிரல் உடையக் கூடாது. அதற்காக அந்த ஃபங்ஷன்களைத் தாங்கும் ஸ்ட்ரக்ட்டின் (தரவுக் கட்டின்) முதல் ஃபீல்டில் அதன் அளவு இருக்கிறது, விண்டோஸ் ஏபிஐகளில் பார்த்திருப்பீர்கள். அளவு சிறியது என்றால் அது பழைய நிரல், அதனால் கடைசி ஃபங்ஷன்களைத் தொடவே மாட்டேன்.

அச்சுப்பணி:
அருமை. ஜேசனில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' வந்தால் உங்கள் லைப்ரரி மேலே ஏறுமா?

சிநிரலர்:
ஏறாது. காலியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். தரவை எழுதியவர் நல் என்று வைத்தால், அந்த இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்றுதானே சொல்கிறார்.