சருகு என்று நினைத்தது பறந்துபோன கதைகள்: ஃபில்லோடஸ், யூடோசிமா அந்துப்பூச்சிகள்

சருகுதேடி:
ஃபில்லோடஸ் இம்பீரியாலிஸ், குவீன்ஸ்லாந்து மழைக்காடு. இறகை விரித்தால் 10 செமீக்கு மேல் இருக்கும், ஆனாலும் கண்ணில் பட்டது சருகுதான். கூரிய நுனி, நடுநரம்பு, பூஞ்சை அரித்ததுபோல் ஒரு வெள்ளைத் தழும்பு. கிளை அசைந்ததும் கருத்த பின்னிறகில் பளீரென்று இளஞ்சிவப்பு. ஒரு நொடிதான். பிறகு சிவப்பைக் காணோம், சருகு மட்டும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. துரத்தும் பறவையும் சிவப்பைத்தானே தேடும்!

கொடிக்கீழ்:
அந்துப்பூச்சியை விட அதன் புழுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தொட்டால் தலையை அடியில் மடக்கிக்கொள்ளும். மேலே இரண்டு பெரிய கண்கள், நடுவில் பல்வரிசை மாதிரி வெள்ளைக் குறிகள். உண்மையான தலை எது என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். தெற்குக் கிளையினம் ஆஸ்திரேலியாவில் அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. தேடுபவர்கள் செய்யும் தவறு, புழு தின்னும் காரோனியா மல்டிசெபாலியா கொடி மரமேறிய இடத்தில் அண்ணாந்து பார்ப்பது. அடர்நிழலில் தரையோடு சரிந்து புதராகக் கிடக்கும் கொடியில்தான் முட்டையிடும். இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

ஒளிக்கோணம்:
சருகுதேடி, நரம்பும் தழும்பும் பாதிக் கதைதான். யூடோசிமா ஔரான்ஷியாவின் முன்னிறகு தட்டை, பார்த்தால் மடிந்து புடைத்த இலை. 2023இல் வெளியான ஆய்வு காரணம் சொன்னது: வளைந்த இலையில் எங்கே ஒளி மினுங்குமோ அங்கே மட்டும் இறகின் நுண்கட்டமைப்பு மினுங்குகிறது. மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைக் கேமராவில் மாட்டிப் படமெடுத்தால் அந்தப் புடைப்பு மங்கிவிடக்கூடும். பிறகு "இதில் என்ன விசேஷம்?" என்று கேட்கக் கூடாது.

பழஉறை:
யூடோசிமா என்றதும் அழகு பேசுகிறீர்கள். அதே பேரினத்தின் யூடோசிமா ஃபலோனியா பழத்தில் செய்வதைப் பாருங்கள். இருட்டியபின் டார்ச் அடித்தால் கண் செம்மஞ்சளாக ஒளிரும். உறிஞ்சுகுழல் முனையில் முட்கள், தோலைத் துளைத்துவிடும். ஓட்டை ஊசிமுனை அளவுதான், அதன்வழி பூஞ்சை புகுந்து பழம் அழுகி உதிரும். ஆரஞ்சை அழுத்தினால் அந்த ஓட்டையிலிருந்து சாறு பீச்சும். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ, இதுவல்ல. விளக்குப்பொறியை நம்ப வேண்டாம், இவை விளக்குக்கு அவ்வளவாக வராது. பழத்துக்கு உறை போடுங்கள், அல்லது மரத்தை வலையால் மூடுங்கள். வலை பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெளியே உட்கார்ந்தபடியே குத்தும். மருந்தும் பெரிதாக உதவாது, பூச்சி இரவு வந்து குடித்துவிட்டுப் போய்விடும், புழு வளர்வது தோட்டத்துக்கு வெளியே, சீந்தில் குடும்பக் கொடிகளில். அதனால் சுற்றிலும் உள்ள...

கொடிக்கீழ்:
கொடியை வெட்டச் சொல்லப் போகிறீர்களா? காரோனியாவும் அதே குடும்பம்தான். இங்கே யாரும் பழத்தோட்டம் பற்றிக் கேட்கவில்லையே.