புதுப்பிப்பு: ஈறு சிகிச்சை முடிந்தது, கொழுப்பு குறைந்ததா?

ஈறில் ரத்தம் வருது, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 238, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நாலு மாசம் முன்னால் கேட்டிருந்தேன். ஆழமான ஸ்கேலிங் (ஈறுக்கு அடியில் இருக்கும் காரையையும் சுரண்டி எடுப்பது) நாலு தடவையாக முடிந்தது. அன்று பல் டாக்டரின் அளவுக்கம்பி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இறங்கிய கடைவாய் ஈறில் இப்போது 3தான். கொய்யா கடித்தால் சிவப்புத் தடம் இல்லை.

நேற்றைய ரிப்போர்ட்: ட்ரைகிளிசரைடு 191. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அசையவே இல்லை, அதே 162. பல் காரை எடுத்தால் கொழுப்பு கரையும் என்று கிளம்பிவிடாதீர்கள்! ஈறுக் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலந்தால் உடம்பில் அழற்சி கூடும். அதனால் கல்லீரல் ட்ரைகிளிசரைடை ரத்தத்தில் அதிகம் அனுப்பும். அழற்சி தணிந்தால் ட்ரைகிளிசரைடு கொஞ்சம் இறங்கலாம். ஆய்வுகளிலும் முக்கியமாகச் சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களிடம் இது ஓரளவு தெரிகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. ராத்திரி பரோட்டாவை விட்டதும் இதே நாலு மாசத்தில்தான், அதையும் கணக்கில் வைக்கணும்.

எல்டிஎல்லுக்கு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். இன்று ராத்திரி முதல் மாத்திரை.