இயற்கைக்கு இசைந்த வீடு, தண்ணீர்: கொங்கு ஊர்களை இணைப்பது எப்படி?

காங்கேயத்துக்காரன்:
எங்கள் ஊரில் மண்கல் (மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும், சுடாத கல்) வீடு கட்டும் கொத்தனார் இருக்கிறார். குளியல் தண்ணீரை வாழைக்கு விடுகிறவர் ஒருவர். இவர்களைப் பக்கத்து ஊருக்கே தெரியாது. தாராபுரம் முதல் மேட்டுப்பாளையம் வரை இப்படி ஆட்களை இணைக்க எங்கே தொடங்கலாமுங்க?

மேட்டுப்பாளையம் அக்கா:
எங்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியில் தொடங்குங்க தம்பி. 2006லேயே ஊராட்சி கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டது. ஆலை நிற்பது உடுமலைப் பக்கம் மைவாடியில்! மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கடனை எப்படி அடைத்தார்கள் என்று மறக்காமல் கேளுங்க.

பெருந்துறை மேஸ்திரி:
வாட்ஸப் குழு மட்டும் வேண்டாமுங்க, காலை வணக்கமாகவே முடியும். மாதம் ஒரு வீட்டை நேரில் பார்க்கலாம். மண்கல்லுக்குச் சிமென்ட் 5 முதல் 8 சதவீதம் போதும். கரிசல் மண் என்றால் கல்லில் விரிசல் விடும். தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

காங்கேயத்துக்காரன்:
சரிங்க, முதலில் ஓடந்துறை. வருகிறவர்கள் சொல்லுங்க, வேன் பிடிக்கலாம்.